இனிஷியலுக்குள் ஓர் ஆள்

செவ்வாய்ப்பேட்டைக்கு வெள்ளிக் கொலுசு தேடி வருகிறவர்கள் உண்டு. லீ பஜாரில் சரக்கெடுக்க வருகிறவர்கள் அதைவிட அதிகம். பெயர்ப்பலகை படிப்பதற்கென்று யாரும் வருவதில்லை. ஆனால் சேலத்தின் இந்தப் பழைய வணிகப் பேட்டையில் நின்று நிதானித்துப் படிக்க வேண்டியவை பலகைகள்தாம். கொலுசுப் பட்டறையோ, மளிகை மண்டியோ, எண்ணெய்க் கடையோ, எதுவானாலும் முதலில் இரண்டு மூன்று எழுத்துகள், அதன் பிறகு ஒரு பெயர். தஞ்சைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் அந்த முதல் எழுத்தை ஊர் என்றே எடுத்துக்கொள்வார். செம்மங்குடி சீனிவாசய்யர், உமையாள்புரம் சிவராமன் என்று ஊரை முன்னே நிறுத்திப் பழகிய மண் அது. அந்தப் பழக்கத்தைச் சேலத்துக்குக் கொண்டுவந்தால் பாதி வழியில் கைவிட்டுவிடும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டுக்குள் பேசுகிறவர்கள் அடுத்தடுத்து வாழ்ந்து தொழில் செய்துவந்த ஊர் இது. இனிஷியல் போடும் வழக்கம் எல்லாருக்கும் ஒன்று. அந்த எழுத்துக்குள் வைத்திருக்கிற பொருள் ஒவ்வொருவருக்கும் வேறு.

சேலத்துக்காரர்கள் அனைவரும் அறிந்த இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வோம். 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற திரைப்பட ஸ்டுடியோவைத் தொடங்கியவர் டி.ஆர். சுந்தரம். அதே நிறுவனம் 1950இல் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’யில் பாடியவர்களில் ஒருவர், அப்போது திரைக்குப் புதியவரான டி.எம். சௌந்தரராஜன். இருவர் பெயருக்கும் முன்னால் நிற்பது ‘டி’. சுந்தரத்தின் ‘டி’ திருச்செங்கோடு. ‘ஆர்’ தந்தை ராமலிங்கம். சௌந்தரராஜனின் ‘எம்’ தந்தை மீனாட்சி ஐயங்கார். ‘டி’யோ எந்த ஊரும் இல்லை. அது தொகுளுவா, சௌராஷ்டிரர்களிடையே தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிற வீட்டுப் பெயர்களில் ஒன்று. ஒரே ஸ்டுடியோவுக்குள் முதலாளியின் ‘டி’ ஓர் ஊரைக் குறித்தது, பாடகரின் ‘டி’ ஒரு குடும்பத்தைக் குறித்தது. ஆங்கில எழுத்தில் எழுதியதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன.

சேலத்தில் 1900 முதல் வக்கீல் தொழில் நடத்தி, 1917இல் நகராட்சித் தலைவரான சி. ராஜகோபாலாச்சாரியின் ‘சி’யும் வீட்டுப் பெயர்தான்: சக்கரவர்த்தி. அவருடைய மகன் நரசிம்மன் தம்மை சி.ஆர். நரசிம்மன் என்று எழுதினார். வீட்டுப் பெயர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் அருகில் தந்தையின் எழுத்து வந்து சேர்ந்துகொண்டது. ஆக, தமிழ்நாட்டாருக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று வடக்கிலும் வெளிநாட்டிலும் சொல்லப்படுவதும், நாமே அதை ஆமோதிப்பதும் சரியில்லை. பலருக்கு இருந்தது. அதை முழுதாக எழுதிக் காட்டவில்லை, அவ்வளவே. கொங்கு வேளாளரிடம் அது ஓர் எழுத்தாகக்கூடப் பலகைக்கு வருவதில்லை. காடை, ஆந்தை, அந்துவன், ஓதாளன், பண்ணை, தூரன் என்று நீளும் கூட்டப் பெயர்கள் சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரங்களில் இன்றும் உயிரோடிருக்கின்றன. கல்யாணப் பேச்சு தொடங்கும்போது ‘நீங்க என்ன கூட்டமுங்க?’ என்ற கேள்வி வந்துவிடும். ஒரே கூட்டமென்றால் பங்காளிகள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இவ்வளவு வேலை செய்கிற பெயர் ரேஷன் கார்டிலும் இல்லை, பாஸ்போர்ட்டிலும் இல்லை. அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்கள் மிகச் சிலர். பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் அப்படிப்பட்ட ஒருவர். அவர் பெயரின் பின்பகுதி அவருடைய கூட்டத்தின் பெயர்.

இங்கிருந்து ஹவாய்த் தீவுகளுக்குப் போவது தூரம்தான். ஆனாலும் ஒரு குடும்பப் பெயர் எப்படி உண்டாகிறது என்று பார்க்கப் போய்வருவது பயன் தரும். அமெரிக்காவில் ஒருவரின் குடும்பப் பெயர் ஹவாய் மொழியில் இருந்தால், அதன் பொருள் என்ன, எந்தக் குலத்தது, எத்தனை பேருக்கு உண்டு என்ற கேள்விகள் உடனே எழும். மிக அரிய பெயராக இருந்தால் அது மிகப் பழையதாக இருக்கும், ஏதோ ஒரு தலைவர் குடியின் அடையாளமாக இருக்கும் என்ற எண்ணமும் கூடவே வரும். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1860 வரை ஹவாய் மக்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே இல்லை. ஆளுக்கு அவரவர் சொந்தப் பெயர், அது குடும்பப் பெயராகத் தொடரவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் தேதி நான்காம் காமேஹாமேஹா மன்னர் கையெழுத்திட்ட சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது: மணமான பெண் கணவன் பெயரை ஏற்க வேண்டும், இனிப் பிறக்கும் குழந்தைகள் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் ஒரு கிறித்தவப் பெயரும் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் 1967 வரை நடைமுறையில் இருந்தது. ஆகவே இன்று ஹவாய்க் குடும்பப் பெயர் என்று வழங்குவதில் பெரும்பகுதி, அந்தக் காலத்தில் தகப்பனாக இருந்த ஒருவரின் சொந்தப் பெயர். அவர் பெயர் பலருக்கும் வைக்கப்படுகிற பெயராக இருந்தால் குடும்பப் பெயரும் பரவலானது. அவருக்கு மட்டுமே உரிய பெயராக இருந்தால் குடும்பப் பெயரும் அரிதானது. அருமைக்குக் காரணம் பழமை இல்லை. அரசாங்கம் கேட்ட நேரத்தில் அந்த வீட்டில் யார் தகப்பனாக இருந்தார் என்பதுதான்.

அந்தச் சொந்தப் பெயர்கள் எப்படி வைக்கப்பட்டன என்பதைப் பார்த்தால், பொருள் தேடுவதில் உள்ள சிக்கலும் விளங்கும். கனவில் கேட்ட பெயரை வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்த நேரத்தில் வீட்டில் நடந்ததைப் பெயராக்கியிருக்கிறார்கள். ஹவாயின் கடைசி அரசி லிலியுவோகலானி 1838இல் பிறந்தபோது அரசகுலப் பெண்மணி ஒருவருக்குக் கண்வலி. குழந்தைக்கு வைத்த பெயர்களில் எரிச்சல், கண்ணீர், வேதனை, புண்பட்ட கண் எல்லாம் இடம்பெற்றன. இப்படி ஒரு பெயர் ஓர் ஆண்பிள்ளைக்கு வாய்த்து, 1860க்குப் பிறகு அவருடைய வம்சத்துக்கே நிலைத்துப்போயிருந்தால், நூறாண்டு கழித்து அகராதியைப் புரட்டும் பேரப்பிள்ளைகள் தங்கள் குலத்துக்கும் கண்நோய்க்கும் என்ன உறவு என்று தேடியிருப்பார்கள். உறவு எதுவும் இல்லை. யாரோ ஒருவருக்கு ஒரு வாரம் கண் வலித்தது, அன்போடு அதை நினைவில் வைத்தார்கள். பிச்சை, குப்பன் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த வழக்கம் தெரிந்த தமிழருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. முன்பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், இந்த ஒன்றாவது தங்கட்டும் என்று வைத்த பெயர் அது. அகராதியில் ‘பிச்சை’க்கு எழுதியிருக்கிற பொருள் அவள் பட்ட பாட்டை எங்கே சொல்லப்போகிறது?

1860 தமிழர் வரலாற்றிலும் குறிக்க வேண்டிய ஆண்டு. ஹவாய்ச் சட்டம் வந்து மூன்று மாதம் ஆவதற்குள், நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிய ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கட்டம் கட்டி எழுதினார்கள். சேலம் ஜில்லாவும் அந்தக் கட்டங்களில் வருகிறது. பின்னாளில் குடும்பப் பெயர் ஒன்று தேவைப்பட்டபோது, தென்னாப்பிரிக்காவில் பலருக்கு நிலைத்தது சாதிப் பட்டம்: நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி. கவுண்டர் என்பதே கோவெண்டர் ஆனது என்பார்கள். அதனால் அங்கே தமிழ், தெலுங்குக் குடும்பப் பெயர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றையும் சுமப்பவர்கள் ஏராளம். பிரெஞ்சுக்காரர்கள் தமிழரைக் கொண்டுபோன தீவுகளில் நடந்தது இதற்கு எதிர்மாறு. 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ கப்பல் குவாதலூப்பை அடைந்தது முதல், அங்கே தனி ஆளின் பெயரே காதில் விழுந்தபடி பதிவேட்டில் ஏறிக் குடும்பத்துக்கு நிலைத்தது. குவாதலூப்பின் எழுத்தாளரும் அரசியல்வாதியுமான எர்னெஸ்ட் மூத்துசாமியின் குடும்பப் பெயர் நம்முடைய முத்துசாமிதான். இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் வழக்காடிய ஹென்றி சிதாம்பரோமின் பெயரில் சிதம்பரம் இருக்கிறது. ஒரே தமிழ் மக்கள், ஏறத்தாழ ஒரே காலம். எழுத்தர் எந்தக் கட்டத்திலிருந்து பெயரை எடுத்தார் என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் பெயர் மலிந்தது, வேறிடத்தில் அருகியது. இதற்குப் பிறகும் ஒரு குடும்பப் பெயரின் அருமையை அந்தக் குடும்பத்தின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வீட்டுப் பெயரும் கூட்டப் பெயரும் சாதிக்குள் இருக்கிற பெயர்கள். அவற்றைப் பலகையில் முழுதாக எழுதினால் சாதியை எழுதியதாகவே ஆகும். அப்படியிருக்க அவற்றை எதற்குத் தூசி தட்ட வேண்டும் என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது இதே சேலத்தில். அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானம், வெள்ளை அரசு கொடுத்த பட்டங்களோடு சாதி வாலையும் விடச் சொன்னது. இந்தியாவின் பல பகுதிகளில் ஒருவர் பெயரைக் கேட்டதுமே சாதி தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பெயரை மட்டும் வைத்து அது தெரிவதில்லை என்றால், அந்தத் தீர்மானங்களை வாழ்க்கையில் கடைப்பிடித்த தலைமுறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்த மாற்றத்தைப் பின்னுக்குத் திருப்ப நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். தூரன், தொகுளுவா போன்ற பெயர்கள் ஒரு மக்கள் எங்கிருந்து வந்தார்கள், யாரோடு உறவாடினார்கள் என்பதற்கான சான்றுகள். ஆய்வாளர் நோட்டிலும் குடும்ப நினைவிலும் இருக்கட்டும். ஒரு மாணவியின் வருகைப் பதிவேட்டில் அவற்றுக்கு இடம் வேண்டாம். பட்டம் போன பிறகும் தமிழர் கையில் மிஞ்சியது தகப்பன் பெயரின் ஓர் எழுத்து. 1860க்குப் பிறகு ஹவாயில் தந்தை பெயர் உறைந்தது. இங்கே அது உறையாமல் தலைமுறைக்கொரு முறை மாறியது. மகன் தலையெடுத்தால் தாத்தா விலகி இடம் விடுவார். ஒருவரை அறிய அவருடைய தகப்பன் பெயர் போதும், அதற்கு மேல் வம்சம் வேண்டாம் என்கிற ஏற்பாடு இது. எனக்கு அது மிகவும் நாகரிகமானதாகப் படுகிறது.

எழுத்து சில குடும்பங்களில் விலகாமல் குவிந்துகொண்டே போவதும் உண்டு. சேலத்துக்குப் பக்கத்திலேயே அதற்குப் பேர்பெற்ற சான்று இருக்கிறது. ஈ.வெ.கி.ச. இளங்கோவன்: ஈரோடு, வெங்கட நாயக்கர், கிருஷ்ணசாமி, சம்பத். ஓர் ஊரும் மூன்று தலைமுறையும் நான்கு எழுத்தில் அடங்கிவிட்டன. பெரியாரின் அண்ணன் வழி வந்த குடும்பம் இது. இந்த வரிசையில் ஒரு பெண் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெங்கட நாயக்கருக்கு ஓர் எழுத்து உண்டு, அவர் மனைவி சின்னத்தாயம்மைக்கு இல்லை. மணமான பெண் கணவன் பெயரை ஏற்க வேண்டும் என்று ஹவாயில் சட்டம் எழுதிச் செய்ததை, இங்கே சட்டம் இல்லாமலே செய்து, கல்யாணத்துக்கு மறுநாள் பெண்ணின் இனிஷியலை மாற்றினோம். தாய் பெயரின் எழுத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். அந்த மாற்றம் செவ்வாய்ப்பேட்டைப் பலகைகளிலும் ஏற வேண்டும்.

விமான டிக்கெட்டிலும் விசாவிலும் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருப்பதால், எல்லாருமே ஒரு நிலையான பெயரை எடுத்துக்கொள்வதே நல்லது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தால் படும் தொல்லை உண்மை. தகப்பன் பெயரை அதில் எழுதினால் வெளிநாட்டில் மகளை அப்பன் பெயரால் கூப்பிடுகிறார்கள். தன் பெயரை எழுதினால் அவளுடைய பிள்ளைகளுக்கு அது குடும்பப் பெயராகிவிடும். ஆனால் ஒரு கட்டத்தின் வசதிக்காக மக்களின் பெயரிடும் முறையையே மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஹவாய் ஏற்கெனவே காட்டிவிட்டது. உலகம் போற்றுகிற விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரில் ‘சுப்பிரமணியன்’ தந்தை. ‘சந்திரசேகர்’ அவருடைய சொந்தப் பெயர், தாத்தாவின் பெயரும் அதுவே. மேலைநாட்டு வழக்கப்படி கடைசியில் நின்ற சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, ‘சந்திரசேகர் வரம்பு’ என்று நட்சத்திரங்களின் கணக்குக்கே பெயர் வைத்தார்கள். அதனால் யாருக்கும் இழப்பில்லை. கட்டம் தன் வேலையைச் செய்துகொள்ளும். வீட்டில் பெயரிடும் முறை அதற்காக வளைய வேண்டியதில்லை.

அதைவிட அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மாணவர்கள் முதல் அரசு அலுவலர்கள் வரை முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. அதன்படி எழுதினால் சுந்தரத்தின் ‘டி’ ‘தி’ ஆகும், சௌந்தரராஜனின் ‘டி’ ‘தொ’ ஆகும். ஆங்கிலத்தில் ஒட்டிக்கிடந்த ஊரும் வீடும் தனித்தனியே தெரியும். அதுவும் முழு விடையாகாது. ‘தி’ திருச்செங்கோடாகவும் இருக்கலாம், திருமலையாகவும் இருக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள். அவர்களுக்குப் பிறகு பலகை வினைல் பேனராக மாறி, கடைப் பெயர் ஏதோ ஒரு டிரேடர்ஸ் ஆகும்போது, எழுத்தும் போகும், விரிவும் போகும். செவ்வாய்ப்பேட்டையிலோ, அம்மாபேட்டையிலோ, குகையிலோ ஒரு கல்லூரி மாணவர் குழு நோட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி, ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஊரா, வீடா, ஆளா என்று கேட்டு எழுதி வைக்கலாம். டர்பனிலிருந்தோ குவாதலூப்பிலிருந்தோ மூதாதையரின் கிராமத்தைத் தேடி சேலம் ஜில்லாவுக்கு வருகிறவர்கள் கையில் இருப்பது, பெரும்பாலும் ஓர் ஆள் பெயரும் ஒரு தாலுகா பெயரும் மட்டுமே. அந்த நோட்டு அவர்களுக்குக் கப்பல் பட்டியலுக்கு நிகராகப் பயன்படும்.