கித்தி கேட்காத கேள்வி

டிவி தொடர்களில் மதம் என்றால் பெரும்பாலும் ஒரு பூட்டிய கதவு. யாரோ அதைத் திறந்துகொண்டு வெளியே ஓடுவார்கள், நாம் கைதட்டுவோம். 2020இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'அன்ஆர்த்தடாக்ஸ்' அப்படித்தான். நான்கே பகுதிகள், ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தேன். ப்ரூக்ளினின் சத்மார் ஹசிதிய யூதச் சமூகத்திலிருந்து எஸ்தி என்ற இளம்பெண் பெர்லினுக்குத் தப்பிப் போகிறாள். டெபோரா ஃபெல்ட்மனின் தன்வரலாற்றை ஒட்டிய கதை, பெர்லின் வாழ்க்கை மட்டும் தொடருக்காகப் புனைந்தது. நல்ல தொடர்தான். ஆனால் எஸ்தி ஏரியில் இறங்கி, தலையிலிருந்த விக்கைக் கழற்றித் தண்ணீரில் விடும்போதே நான் யார் பக்கம் நிற்கவேண்டும் என்பதை யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். யோசிக்க எனக்கென்று எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

எஸ்தியாக நடித்த ஷீரா ஹாஸ் வேறு எதில் நடித்திருக்கிறார் என்று தேடித்தான் 'ஷ்டிசல்' பார்த்தேன். 2013இல் இஸ்ரேலில் தொடங்கி மூன்று சீசன் ஓடிய தொடர். ஜெருசலேமின் கெவுலா பகுதியில் வாழும் ஒரு ஹரேடி குடும்பம், அதாவது தீவிர ஆசாரம் பேணும் யூதக் குடும்பம். உருவாக்கிய இருவரில் ஒருவரான யெஹொனாத்தன் இந்துர்ஸ்கி அந்த உலகத்திலேயே வளர்ந்தவர். அது தெரிகிறது. யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. நிலைக்கதவில் பதித்த மெசூசாவைத் தொட்டு விரலை முத்தமிட்டு உள்ளே வருவார்கள், தண்ணீர் குடிக்குமுன் ஒரு வரி முணுமுணுப்பார்கள். கேமரா அதற்காக ஒரு நொடிகூட நிற்காது.

என்னோடு சில எபிசோடு பார்த்த அம்மா, "சாமி கும்பிட்டுக்கிட்டே குடிக்கிறாங்களே, புரையேறாதா?" என்றாள்.

"குடிக்கிறதுக்கு முன்னாடிதாம்மா."

"அப்ப சரி."

இந்தத் தொடரில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவள் கித்தி. வேலைக்காக அர்ஜென்டினா போன கணவன் லிப்பெ, மனைவியையும் பிள்ளைகளையும் அப்படியே கைவிடுகிறான். கித்தி அழவில்லை, ஊரைக் கூட்டவில்லை. வெளியே யாருக்கும் தெரியாமல் மூடி மறைக்கிறாள். விஷயம் கசிந்தால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு வரன் அமையாது. அங்கே கல்யாணம் என்பது குடும்பப் பேரை வைத்து நடக்கும் காரியம். மூத்தவள் ருஹாமி (இதுவும் ஷீரா ஹாஸ்தான்) ராத்திரிகளில் தம்பிகளுக்கு அன்னா கரேனினாவைப் படித்துக் காட்டுகிறாள், பெயரை மட்டும் 'ஹன்னா கரேனினா' என்று யூதப் பெயராக மாற்றி. பிறகு ஒருநாள் லிப்பெ திரும்பி வருகிறான். எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடிக்கிறான். எனக்கு எதுவும் தெரியவேண்டாம் என்று கித்தி அவன் வாயை அடைத்துவிடுகிறாள்.

காலேஜில் நம்பிக்கையை விட்டவன் நான். மதத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு என்னிடம் இரண்டே இரண்டு இஃப்-எல்ஸ்தான் இருந்தன: பயம், இல்லாவிட்டால் அறியாமை. கித்தி இரண்டிலும் சேரமாட்டாள். அவளைத் தைரியசாலி என்று சொல்லவும் எனக்கு மனமில்லை, ருஹாமி அந்த மௌனத்துக்குள் மூச்சுமுட்டுகிறாளே. அம்மா திரையைப் பார்த்தபடியே, "அவ கேக்க மாட்டாடா. கேட்டுட்டா அப்புறம் அதோட குடித்தனம் நடத்தணும்ல" என்றாள். அப்பா சில வருஷம் வெளியூரில் இருந்தது ஞாபகம் வந்தது. நானும் கேட்கவில்லை.

ஷ்டிசலின் இதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கெவுலாவிலிருந்து பழைய நகரம் நடந்துபோகும் தூரம். ஆனால் மூன்று சீசனிலும் பாலஸ்தீனர்களைக் கிட்டத்தட்டப் பார்க்கவே முடியாது. ஹரேடிகளுக்கு ராணுவச் சேவையில் தரப்பட்ட விலக்கு இஸ்ரேல் அரசியலையே பல வருஷமாகப் பிளக்கிறது, அதுவும் இந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பெரிதாக வருவதில்லை. வீட்டுக்குள் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் கண், ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

அந்த வீடுகளில் டிவியும் கிடையாது. முதல் சீசனில் முதியோர் இல்லத்துக்குப் போன பாட்டி மால்காவுக்கு அறையில் ஒரு டிவி கிடைக்கிறது. வாழ்நாளில் முதல்முறை. ஏதோ அமெரிக்கச் சீரியலில் மூழ்கிப்போகிறாள், அதில் வருபவர்களின் கஷ்டமெல்லாம் அவள் கஷ்டமாகிவிடுகிறது. மகன் ஷுலெமுக்கோ அதை எப்படியாவது நிறுத்தினால்தான் தூக்கம் வரும்.