காவிரி எங்கண்ணே?

மயிலாடுதுறையில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் கிளம்பி இருட்டுமுன் திரும்புவதாக மூன்று நாள் திட்டம்.

முதல் நாள் பூம்புகார். சிலப்பதிகாரத்தை மனத்தில் சுமந்துகொண்டு போகிறவரை அந்த ஊர் கொஞ்சம் சோதிக்கும். கலைக்கூடத்துச் சிற்பங்களில் கண்ணகி கதையை வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம், "காவிரி கடல்ல சேருற இடம் எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"இப்பத் தாண்டி வந்தீங்களே, அதுதான்."

திரும்பிப் பார்த்தால், மணலில் ஒதுங்கிக் கிடக்கிறது ஓர் ஓடை. முக்கொம்பிலேயே பெருவெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தை வழிநெடுக வாய்க்கால்களுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பரிமாறியபின் சட்டியை வழித்து உண்ணும் தாயைப்போல வந்து சேர்கிறாள் காவிரி.

மறுநாள் தரங்கம்பாடி. 1792இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் ராஜவீதி. அதன் முடிவில் கடல். வழிகாட்டிகள் 'அலை பாடும் ஊர்' என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். கல்வெட்டில் இருப்பதோ சடங்கன்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை கரையிலேயே நிற்கிறது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் மட்டும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அது போனதற்கு எதிர்த்திசையில் 1706இல் வந்து இறங்கினார் பாதிரியார் சீகன்பால்கு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றவர், 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1845இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில், பாண்டியன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

மூன்றாம் நாள் நாகப்பட்டினம். பேருந்து காரைக்கால் வழியாகப் போவதால் புதுச்சேரிக்குள் நுழைந்து மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகிறோம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுத்த பௌத்தப் பள்ளியான சூடாமணி விகாரத்தைத் தேடினேன். விகாரக் கோபுரத்தில் எஞ்சியிருந்ததையும் 1867இல் இடித்துவிட்டார்களாம். அதற்கு ஆனைமங்கலத்தைத் தானம் தந்த செப்பேடும் கப்பலேறி, 'லெய்டன் செப்பேடு' என்று அயலூர்ப் பெயர் வாங்கிவிட்டது. டீக்கடைக்காரர், "அதெல்லாம் இப்ப இல்லீங்க தம்பி, நாகூருக்குப் போங்க" என்று பேருந்தைக் காட்டினார்.

நாகூர் நெருங்கும்போதே பெரிய மினாரா தெரிந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பிய 131 அடி. தர்கா வாசலில் முடியிறக்கிய பிள்ளைகளும் மல்லிகைச் சரமும் சாம்பிராணிப் புகையுமாக ஒரே கூட்டம். மூன்று நாளில் அங்கே மட்டும்தான் யாரிடமும் 'எங்கே' என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.