பத்துக்குப் பத்தில் ஒரு ரயில்

மும்பையில் ரயிலுக்குக் குறைவில்லை. அதைப் பொம்மையாக்கி ஓட்டத்தான் இடமில்லை. மாட்டுங்கா, தாராவி, செம்பூரில் தொடங்கி புனேவில் முடியும் ஒரு சின்ன ரயில் கதை.

ஒரு 12 பெட்டி லோக்கல் ரயிலின் நீளம் ஏறத்தாழ 260 மீட்டர். அதை 87 மடங்கு சுருக்கினால் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாராவியில் பத்துக்குப் பத்து அறை என்று சொல்கிறார்களே, அதன் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை சரியாக நிற்கும். நிற்கும், அவ்வளவுதான். ஓட முடியாது. ஓடுவதற்கு ரயிலுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் வேண்டும். தவிர, குடும்பத்தில் இருக்கும் ஐந்தாறு பேர் எங்கே படுப்பார்கள்?

இந்த 87 என்ற கணக்கு வேடிக்கைக்காகப் போட்டதல்ல. உலகெங்கும் மாதிரி ரயில் பிரியர்களிடம் மிகவும் செல்வாக்குப் பெற்ற அளவு இதுதான். ஹெச்.ஓ. என்பார்கள். அதற்கு முன்பிருந்த 'ஓ' என்ற பெரிய அளவில் பாதி என்று பொருள். இதில் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். பொம்மை ரயிலைத் தண்டவாளம், பாயிண்ட் எல்லாம் சேர்த்து ஒரு முழு அமைப்பாக விற்கும் வழக்கத்தை ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1891-லேயே தொடங்கி வைத்தது. பிறகு பெரியவர்கள் அதைக் குழந்தைகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். மலை, சுரங்கம், ஸ்டேஷன், சிக்னல், கடைத்தெரு, பிளாட்பாரத்தில் கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய மனிதர்கள் என்று ஓர் ஊரையே மேஜை மேல் எழுப்புவது தனிக் கலையாயிற்று. இதற்கு 'லே-அவுட்' என்று பெயர்.

ரயிலைப் பார்த்துக்கொண்டே வளர்வதற்கு மும்பைத் தமிழர்களின் பேட்டைகளைப் போல வேறிடம் அமைவது கடினம். தாராவியின் ஒரு புறம் மேற்கு ரயில்வே. மறுபுறம் மத்திய ரயில்வே. நடுவில் ஏறத்தாழ 600 ஏக்கரில் ஒரு நகரம். மாட்டுங்காவுக்கு மூன்று ஸ்டேஷன்கள்: மத்தியப் பாதையில் மாட்டுங்கா, மேற்குப் பாதையில் மாட்டுங்கா ரோடு, ஹார்பர் பாதையில் கிங்ஸ் சர்க்கிள். மத்தியப் பாதை ஸ்டேஷனை 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தத் தொடங்கினார்கள். செம்பூருக்குப் பாதை வந்த கதையே தனி. 1906-ல் குர்லாவிலிருந்து அங்கே தண்டவாளம் போட்டது நகரத்துக் குப்பையைக் கொண்டு போய்க் கொட்டுவதற்காக. பயணிகள் ஏறியது 1924-ல்தான். லே-அவுட் செய்பவனுக்கு இது லட்டு மாதிரி: எந்த நாட்டு மாதிரிப் பிரியன் வீட்டில் குப்பை ரயில் ஓடுகிறது?

தமிழர்கள் இங்கே வந்து சேர்ந்ததும் ரயிலால்தான். பம்பாயிலிருந்து கிளம்பிய கிரேட் இண்டியன் பெனின்சுலா ரயில்வேயும் மதராஸ் ரயில்வேயும் 1871-ல் ராய்ச்சூரில் கைகுலுக்கிக்கொண்ட பின் வழி திறந்தது. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் கற்றவர்கள் மாட்டுங்காவில் இறங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் தொழிலாளிகள் தாராவியின் தோல் பதனிடும் கிடங்குகளுக்குப் போனார்கள். செம்பூர் பின்னால் வந்தது.

ஆனால் ரயில் மேல் உள்ள ஆசையை மேஜைக்குக் கொண்டு வருவது என்றால் முதல் தடை தண்டவாளத்தின் அகலத்திலேயே வருகிறது. ஹெச்.ஓ.வின் 16.5 மில்லிமீட்டர் என்பது ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் பாதையைச் சுருக்கியது. இந்தியாவின் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.26 வருகிறது. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் கண் ஏமாறாது. கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நம்மூர்ப் பெட்டியை ஏற்றினால், பெரிய உடம்புக்குச் சின்னச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கும். இதைச் சகித்துக்கொள்பவர்கள் ஒரு வகை. ஸ்லீப்பர் கட்டையிலிருந்து தாங்களே வெட்டி, தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொரு பாயிண்டையும் அரத்தால் ராவித் தயாரிப்பவர்கள் இன்னொரு வகை. அவர்கள் சக்கரங்களின் அச்சையும் மாற்ற வேண்டும். ஒரு பாயிண்டுக்கே சில மாலைப் பொழுதுகள் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், எழும்பூரிலிருந்து தெற்கே ஒரு காலத்தில் ஓடிய மீட்டர் கேஜ் ரயிலை மாதிரியாகச் செய்வது இதைவிடச் சுலபம். ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் மீட்டர் கேஜ் என்பதால், அவற்றுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தயாராகவே கிடைக்கிறது. அரை மில்லிமீட்டரை யார் பார்க்கப் போகிறார்கள்? நம் அப்பாக்கள் ஊர் போன ரயிலுக்கு ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது தடை வளைவு. இதுதான் மும்பை வீடுகளை வீழ்த்துவது. இந்திய அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் அது இரண்டு மீட்டர். ரயில் போன வழியே திரும்பி வர ஓர் அரை வட்டம் வேண்டுமென்றால் நான்கு மீட்டர் அகலம் தேவை. தாராவி அறை மட்டுமல்ல, மாட்டுங்காவின் பழைய மாடி வீட்டுக் கூடங்களில் பலவும் இதிலேயே தோற்றுவிடும். பெட்டியில் வரும் செட்டுகளில் 36 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவு தருகிறார்கள். நிஜத்தில் அது 31 மீட்டர். டிராம் வேண்டுமானால் திரும்பும். ஏற்றமும் அப்படியே. ஒரு பாதையை இன்னொன்றின் மேல் கொண்டுபோக எட்டு சென்டிமீட்டராவது உயர வேண்டும். போர்காட் மலையில் உள்ளது போல 37-க்கு ஒன்று என்று ஏற்றினால், அதற்கே மூன்று மீட்டர் ஓட வேண்டும். மறுபடியும் அதே பத்தடி.

ஆகவே சுருக்குவதிலும் சுருக்குகிறார்கள். 1853 ஏப்ரல் 16-ல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் ரயிலின் 34 கிலோமீட்டரைக் கணக்குப்படி செய்தால், 390 மீட்டர் மேஜை வேண்டும். யாரும் செய்வதில்லை. நான்கு பிளாட்பாரம் இரண்டாகும். 12 பெட்டி ஐந்தாகும். எதை விட்டால் ஊர் அடையாளம் போகாது என்று தீர்மானிப்பதில்தான் கலைஞனின் கெட்டிக்காரத்தனம். மாட்டுங்கா என்றால் பூக்கடை வேண்டும். ஸ்டேஷன் கூரையில் பாதி போனாலும் பரவாயில்லை. சுவரோரம் ஓரடி அகலப் பலகை அடித்து, வளைவே இல்லாமல் முன்னும் பின்னும் மட்டும் ஓட்டுவது ஒரு வழி. செம்பூரின் இரண்டு அறை ஃபிளாட்டுக்கு அது போதும். மும்பைக்காரனுக்கு இன்னொரு வழி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது: நேரலிலிருந்து மாத்தேரான் ஏறும் இரண்டடிப் பாதை. ஆதம்ஜீ பீர்பாய் குடும்பத்து அப்துல் ஹுசைன் போட்டு 1907-ல் முடித்த 21 கிலோமீட்டர் பாதை. நிஜத்திலேயே அது இடத்துக்கு அஞ்சி வளைந்து வளைந்து போவது. சின்ன மேஜையில் பொய் சொல்லாமல் செய்யக்கூடிய ரயில் அதுதான்.

முழு ஊரையே பார்க்க வேண்டுமென்றால் தாதரில் ரயிலேறிப் புனேவுக்குப் போக வேண்டும். வழியில் கர்ஜத்தில் வண்டி நிற்கும்போது பலர் வடை வாங்க இறங்குவார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் பல வண்டிகளுக்குத் தள்ளிவிட பேங்கர் எஞ்சின் மாட்டுவதைக் காணலாம். 1863-ல் திறந்த அந்த மலைப் பாதையின் ஏற்றத்தைப் பெரிய ரயில் சமாளிக்கும் விதம் இது. சின்ன ரயிலும் சரிவில் சக்கரம் வழுக்கினால் இரண்டாவது எஞ்சினைத்தான் கேட்கிறது.

புனேவின் கோத்ருட் பகுதியில், கார்வே சாலையை ஒட்டி இருக்கிறது ஜோஷி சிற்றுருவ ரயில்வே அருங்காட்சியகம். பாவ் ஜோஷி என்று ஊர் அறிந்த பி.எஸ். ஜோஷி, சிறு வயதில் பிடித்த ரயில் பித்தைக் கடைசி வரை விடாதவர். தொழில் நடத்திக்கொண்டே மாதிரிகளைச் சேர்த்தார், செய்தார், கண்காட்சி வைத்தார். ஒவ்வொரு முறையும் பிரித்து, தூக்கிக்கொண்டு போய், மறுபடி பூட்டுவதில் உள்ள இம்சை பட்டவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் நிரந்தரமாக ஓர் ஊரைக் கட்டினார். 1998 ஏப்ரல் 1-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே நீராவி எஞ்சினும் புல்லட் ரயிலும் ஒரே ஊரில் ஓடுகின்றன. சர்க்கஸ் கூடாரம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, காரில் உட்கார்ந்தபடி படம் பார்க்கும் திரையரங்கும் இருக்கிறது. விளக்கை அணைத்து இரவாக்கி, ஊரின் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்போது குழந்தைகளைவிடக் கூட வந்த தாத்தாக்கள்தான் சத்தம் போடுகிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஊரின் முகம் பெரும்பாலும் ஐரோப்பிய முகம். கிடைக்கும் வீடுகளும் தண்டவாளமும் அந்தப் பக்கத்து அளவில் இருந்தால் வேறென்ன செய்வது? ஜெர்மனியின் ஹாம்பர்கில் பிரவுன் சகோதரர்கள் 2001-ல் திறந்த மினியேட்டூர் வுண்டர்லாண்டில் சுமார் 16 கிலோமீட்டர் தண்டவாளம். 87-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். மும்பையிலிருந்து சென்னைக்குப் போய் மிச்சமும் இருக்கும். அதற்குப் பெரிய ஊழியர் படையே இருக்கிறது. புனேவில் ஒரு குடும்பம்.

கட்டி முடிப்பதுதான் பெரிய வேலை என்று நினைப்பவர்கள் லே-அவுட் வைத்திருப்பவரிடம் அரை மணி பேச வேண்டும். மாதிரி ரயில் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. இரண்டு தண்டவாளங்களே இரண்டு கம்பிகள். சக்கரம் வழியே மோட்டாருக்கு மின்சாரம் போக வேண்டும். தண்டவாளத்தில் மயிரிழை கனத்துக்குத் தூசியோ எண்ணெயோ படிந்தால் எஞ்சின் திக்கித் திணறி நின்றுவிடும். பித்தளைத் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். அதனால் நிக்கல் சில்வர் போடுகிறார்கள். பேரில் மட்டும்தான் வெள்ளி. உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். அதையும் ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கத்துக்குள் துடைக்கக் கை போக வழி வைக்காமல் மலை கட்டிவிட்டுப் பிறகு மலையை உடைத்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ரயில் வட்டமடித்து வந்த பாதையிலேயே எதிர்த் திசையில் சேரும்படி போட்டுவிட்டால், நேர்மின்னும் எதிர்மின்னும் மோதி ஃபியூஸ் போகும். அந்தத் துண்டைத் தனியே பிரித்து மின்சாரத்தைத் திருப்ப வேண்டும். 1990-களில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் தரப்படுத்திய டிஜிட்டல் முறையில் ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டலாம். ஆனால் அழுக்குத் தண்டவாளத்துக்கு அதிலும் மன்னிப்பு இல்லை.

மும்பையில் இதோடு மழைக்காலமும் சேர்ந்துகொள்கிறது. ஜூனில் ப்ளைவுட் ஈரம் குடித்து உப்பும், மார்ச்சில் சுருங்கும். தண்டவாள இணைப்பில் இடைவெளி விடாதவன் பாதை பாம்பாக நெளியும். பிளாஸ்டர் மலையில் பூஞ்சை பூக்கும். கடலோர உப்புக் காற்று சின்ன மோட்டாரின் செம்புக் கம்பியையும் விடாது.

பெரிய ரயிலைக் கவனித்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது. 1925 பிப்ரவரி 3-ல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் பாதையில் குர்லாவுக்கு ஓடிய இந்தியாவின் முதல் மின்சார ரயிலும் நேர்மின்சாரத்தில் ஓடியதுதான்: 1,500 வோல்ட். ஹார்பர் பாதை அதிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு முழுவதும் மாறியது 2016-ல். கடைசி லோக்கலுக்கும் முதல் லோக்கலுக்கும் நடுவே இரவில் கிடைக்கும் சில மணி நேரம் போதாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் மெகா பிளாக் அறிவிக்கிறார்கள். மாட்டுங்கா–முலுண்ட் என்ற பெயர்களைப் பத்திரிகையில் பார்த்ததும் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெருமூச்சு விடுவது வழக்கம். 1915-ல் தொடங்கிய மாட்டுங்கா பணிமனையில் பெட்டிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கழற்றி, போகியைப் பிரித்து, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள். ஷிஃப்டு விட்டு வீடு வரும் தொழிலாளியிடம், சின்ன ரயிலை மாதம் ஒருமுறை பிரித்து எண்ணெய் போட வேண்டும் என்றால் ஆச்சரியப்பட மாட்டார். விடுமுறை நாளில் அதை ஏன் விரும்பிச் செய்ய வேண்டும் என்று வேண்டுமானால் கேட்பார்.

கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. கும்பார்வாடாவில் மண், மற்ற சந்துகளில் தகரம், பிளாஸ்டிக், தோல், தையல் என்று ஒரு லே-அவுட்டுக்குத் தேவையான வேலைகளில் பாதி தாராவிக்குள்ளேயே நடக்கிறது. இல்லாதது அந்த ஒரு மேஜைக்கான இடம். தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெறும் குடும்பத்துக்கு 350 சதுர அடி என்று 2024-ல் அறிவித்தார்கள். யாருக்குத் தகுதி, எங்கே வீடு என்ற சண்டையில் பொம்மை ரயிலைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை, அது நியாயமும்தான்.

வீடு மாறும்போது லே-அவுட் கூட வராது. அந்த அறையின் மூலை முடுக்குக்கு அளவெடுத்துக் கட்டியது அது. எஞ்சினையும் பெட்டியையும் அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மலையையும் சுரங்கத்தையும் ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கட்டியவர் காலமானால் பெரும்பாலான லே-அவுட்டுகளின் கதி இதுதான், லண்டனிலும் சிகாகோவிலும்கூட. பாவ் ஜோஷி இன்று இல்லை. கோத்ருட்டில் அவருடைய ஊரைக் குடும்பத்தார் ஓட்டி வருகிறார்கள். காட்சி தொடங்குமுன் தண்டவாளத்தைத் துடைத்தாக வேண்டும்.