மான்செஸ்டரில் பத்துப் பேர்

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்
17 செப்டம்பர் 2009

அன்புள்ள பங்காளி,

அக்கா வீட்டில் ரசத்துக்கும் குறைவில்லை, உபதேசத்துக்கும் குறைவில்லை.

நீ மெயிலில் கேட்டிருந்தது இரண்டே விஷயம். டி.வி. பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடலின் கச்சேரியில் வாசிப்பது ஆளா, டிராக்கா? யாரை முதலில் பாட விடுகிறார்கள், யாரைக் கடைசியில் ஏற்றுகிறார்கள்? ஆர்க்கெஸ்ட்ரா நடத்தியே தலை நரைத்தவனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்! முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ஆள்தான். பாடுகிற பத்துப் பேருக்கும் பின்னால் ஒரே பாண்டு. முன்னால் ஆள் மாறிக்கொண்டே இருக்க, இவர்கள் மட்டும் நாட்டுப்புறப் பாட்டிலிருந்து ராக்குக்கும் ராக்கிலிருந்து சர்ச் பாட்டுக்கும் தாவிக்கொண்டே இருந்தார்கள். அந்த டிரம்மரைப் பார்த்தபோது உன் ஞாபகம்தான். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல இந்தக் கடிதம் முழுக்க வேண்டும்.

கச்சேரி நடந்த ஊர் மான்செஸ்டர். இங்கிலாந்து மான்செஸ்டர் இல்லை, நம்மூர் 'தென்னிந்திய மான்செஸ்டரும்' இல்லை; இது அமெரிக்காவில் அந்தப் பெயர் வைத்துக்கொண்ட ஊர். அக்கா வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம். மெர்ரிமாக் ஆற்றங்கரை ஓரமாகச் செங்கல் ஆலைகள் ஒரு மைல் நீளத்துக்கு நிற்கின்றன. அமோஸ்கேக் மில் என்று பெயர். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பருத்தி ஆலை. 17,000 பேர் வரை வேலை செய்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக்கிலிருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் குழந்தைகுட்டியோடு வந்து தறியில் நின்றார்கள். லீவைஸ் ஜீன்ஸுக்கு ஆரம்ப காலத்தில் துணி போனது இங்கிருந்துதான். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை நம்மூரில் முதல் மில்லை ஆரம்பித்தபோது இவர்கள் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். 1935-ல் மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் கம்பெனி, கல்லூரி வகுப்பு, ஓட்டல், ஒரு மியூசியம். செக்வே வண்டி கண்டுபிடித்த டீன் கேமனின் கம்பெனியும் அங்கேதான். உங்கப்பா வேலை பார்த்த மில்லின் கேட்டை இப்போது போய்ப் பார்த்தால் உனக்கு எப்படி இருக்குமோ, எனக்கு இங்கே அப்படி இருந்தது. அதற்கு மேல் எழுதினால் கச்சேரிக்குப் போகவே மாட்டேன்.

எல்ம் தெருவில் வெரிஸான் வயர்லெஸ் அரீனா. குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி ஆடுகிற இடம், பத்தாயிரம் பேர் உட்காரலாம். ஜூலை 5-ந் தேதி மேற்குக் கரையில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் கிளம்பிய டூர், நாட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, செப்டம்பர் 15-ந் தேதி செவ்வாய்க்கிழமை இந்தக் கிழக்கு மூலையில் முடிந்தது. நாங்கள் பார்த்தது கடைசி நாள் கச்சேரி. நம் நோம்பிக் கச்சேரிகளில் மாசி பங்குனி முடிகிறபோது பாடகர்களுக்குத் தொண்டை போயிருக்கும் அல்லவா? இவர்களுக்கும் கொஞ்சம் போயிருந்தது. ஆனால் சந்தோஷம் போகவில்லை.

மத்தியானமே போய்விட்டோம். அக்கா மகள் விடவில்லை. அரீனாவின் பின்பக்கம் டூர் பஸ்கள் நிற்கிற இடத்தில் இரும்புத் தடுப்பு போட்டிருப்பார்கள். பாடகர்கள் வெளியே வந்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார்கள், அது இந்த டூரில் வழக்கம் என்றாள். தடுப்போரம் நின்றவர்களில் பாதிப் பேர் அவள் வயதுப் பள்ளிப் பிள்ளைகள். மீதிப் பாதி என் வயது, அதற்கும் மேல். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், கண்ணுக்குக் கறுப்பு மை தீட்டி, கழுத்தில் இறகு மாலை போட்டுக்கொண்டு, இந்தக் கோடையில் தான் போய்வந்த ஊர்களையெல்லாம் அடுக்கினார். அவர், பாடுகிற பத்துப் பேரில் ஒருவரான ஆடம் லாம்பர்ட்டின் கட்சி. அந்தக் கட்சிக்கு 'கிளாம்பர்ட்ஸ்' என்று பெயரே இருக்கிறது. வரிசையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை: பவுலா அப்துல் நடுவர் வேலையை விட்டுவிட்டாரே, அவர் இடத்துக்கு எலன் டிஜெனரஸ் வருகிறாராமே, அந்த அம்மாவுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்? போன வாரம்தான் அறிவிப்பு வந்தது, அதனால் சூடு ஆறவில்லை. நம்மூர் டீக்கடையில் மந்திரிசபை மாற்றம் பேசுகிற தோரணை.

இனி உன் கேள்வி. நாமாக இருந்தால் முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு, பிறகு நிதானமான குரல், கூட்டம் கலையப் பார்க்கிற பதினொரு மணிக்கு நம்ம டி.எம்.எஸ். குரல் ஆளை இறக்குவோம். யார் எப்போது என்பது உன் கையில் இருந்தது. இங்கே அது நடத்துகிறவர் கையில் இல்லை. டி.வி.யில் பத்தாவது இடத்தோடு வெளியேறினவர் முதலில் பாடுகிறார், ஒன்பதாவது அடுத்து, இப்படியே ஏறி, ஜெயித்தவர் கடைசி. கீழ்வரிசைக்கு இரண்டு மூன்று பாட்டு. மேலே போகப் போக நேரம் கூடுகிறது. நிகழ்ச்சி நிரலை எழுதினது ஓட்டுப் போட்ட ஜனங்கள்தான். மே மாதம் நடந்த இறுதிச் சுற்றில் மட்டும் ஏறத்தாழ 10 கோடி ஓட்டு விழுந்தது என்று அறிவித்தார்கள். ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்பதையும் சேர்த்துக்கொள். அக்கா மகளின் கட்டைவிரலுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தப் பத்து என்கிற எண்ணில் ஒரு கொடுமை இருக்கிறது. 2002-ல் நிகழ்ச்சி தொடங்கிய வருஷத்திலிருந்தே பத்துப் பேருக்குத்தான் டூர். அதனால் பதினொன்றாவது ஆள் வெளியேறுகிற ராத்திரி முக்கியம். இந்த வருஷம் அப்படிப் போனவர் அலெக்ஸிஸ் கிரேஸ். அவர் வீட்டுக்குப் போனார்; அவருக்கு ஒரு படி மேலே நின்ற மைக்கேல் சார்வருக்கு ஒரு கோடைக்காலம் முழுக்க அரீனா, பஸ், கையெழுத்து, சம்பளம். சார்வர் டெக்ஸாஸில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு ஊரிலும் அவர்தான் கச்சேரியைத் திறந்து வைக்க வேண்டும். ஜனங்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இடம் தேடுகிற நேரம் அது. உன் குழுவில் பிள்ளையார் பாட்டுக்கென்றே ஒருவர் இருந்தாரே, அவர் பட்ட பாடுதான் இவருக்கும். ஆனால் மனிதர் ஒவ்வொரு வரிசையையும் பார்த்துப் பாடினார்.

மேகன் ஜாய் வந்தார், போனார். ஸ்காட் மெக்கின்டயர் பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினார். அவருக்குக் கண்பார்வை மிகக் குறைவு. டி.வி.யில் அவர் கதையைச் சொல்லிச் சொல்லியே பாட்டை மறைத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். இங்கே கதை சொல்ல யாருமில்லை, விரல் மட்டும் பேசியது, நன்றாகவே பேசியது. லில் ரவுண்ட்ஸ் மெம்ஃபிஸ் ஊர்க்காரர், மூன்று குழந்தைகளுக்குத் தாய், சூறாவளியில் வீட்டை இழந்தவர். போட்டியில் வாராவாரம் நடுவர்கள் சொன்னபடியெல்லாம் ஆடி ஒடுங்கிப்போயிருந்தார்; மேடையில் இப்போது வேறு ஆள். நடுவர் மேஜை இல்லாத இடத்தில் பாடகர்களுக்கு முதுகு நிமிர்கிறது என்பதை அங்கே பார்த்தேன்.

அடுத்து நம்ம ஆள். அனூப் தேசாய்! குஜராத்திக் குடும்பம், வட கரோலினாவில் வளர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் வாத்தியமில்லாமல் கூட்டமாகப் பாடுகிற குழுவில் இருந்தவர். பன்னிரண்டு பேர் என்று வைத்திருந்த இறுதிச் சுற்றைப் பதின்மூன்றாக்கி இவரைச் சேர்த்தார்கள். வில்லி நெல்சன் பாடிப் புகழ்பெற்ற ஒரு பழைய காதல் பாட்டை எடுத்தார். அரீனாவில் ஆங்காங்கே இந்திய முகங்கள் எழுந்து நின்றன. அக்கா எழுந்து கைதட்டினாள். அத்தான் எழவில்லை, "குஜராத்திப் பையன்தானே" என்றார். அக்கா பார்த்த பார்வையில் அவரும் எழுந்தார்.

மேட் ஜிராடுக்குப் பின் இடைவேளை. சட்டைக் கடையில் கூட்டம் முட்டி மோதியது. விலை கேட்டுவிட்டு நான் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு மேல்வரிசை நால்வர். அலிசன் இராஹேட்டாவுக்கு வயது பதினேழு. அந்தக் குரலில் இருக்கிற கரகரப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டே அடித்தாள். என்னைக் கேட்டால் அன்றைய ராத்திரியின் பெரிய பாடகி அவள்தான், நாலாவது இடம் என்பது ஜனங்களின் கணக்கு. டேனி கோக்கி சர்ச்சில் இசை நடத்தியவர். பாட்டுக்கு நடுவே நிறையப் பேசினார்.

விளக்குகள் அணைந்து புகை கிளம்பியதும் அரீனா கத்திய கத்தலில் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். ஆடம் லாம்பர்ட். லெட் செப்பெலின் பாட்டில் ஆரம்பித்து, டேவிட் போவியின் பாட்டுகளைக் கோத்து ஒரு மாலை. நாடக மேடையில் பழகிய உடம்பு, உச்சஸ்தாயியில் தயங்காமல் போய் உட்காருகிற குரல். இறகு மாலைகளும் சொல்லக் கூச்சப்படுகிற துணிமணிகளும் மேடையில் வந்து விழுகின்றன. ஜூன் மாதம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகைப் பேட்டியில், தான் ஆண்களை விரும்புகிறவன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கூட்டம் அதனால் கொஞ்சமும் குறையவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு பெண் செல்போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து அசையாமல் நின்றாள். வர முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடி கேட்பதற்கு நேரடி ஒலிபரப்பாம்.

இவருக்குப் பிறகு மேடையேறுகிறவன் பாவம் என்று நினைத்தேன். ஆனால் இவருக்குப் பிறகு வருகிறவர்தான் ஜெயித்தவர்! கிறிஸ் ஆலன், ஆர்கன்சாவிலிருந்து வந்த மெலிந்த பையன். புகை இல்லை, தோல் சட்டை இல்லை. கான்யே வெஸ்டின் பாட்டு ஒன்றை கிடாரில் மெதுவாக்கிப் பாடினார். போட்டியில் அவரைத் தூக்கிவிட்ட பாட்டு அது. இதில் ஒரு வேடிக்கை கேள். ஞாயிற்றுக்கிழமை எம்.டி.வி. விருது விழாவில், பரிசு வாங்கிக்கொண்டிருந்த டெய்லர் ஸ்விஃப்ட் கையிலிருந்த மைக்கை இந்தக் கான்யே வெஸ்ட் பிடுங்கிக்கொண்டு பேசினார். நாடே இரண்டு நாளாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆளின் பாட்டை அடுத்தவர் வாயில் கேட்கும்போது யாருக்கும் கோபம் வரவில்லை. பிறகு பீட்டில்ஸின் பழைய பாட்டு ஒன்றுக்கு அரங்கத்தையே பாட வைத்தார். ஆடமுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களும் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு பாடினார்கள். அக்கா மகள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் கணக்கில் மே மாதத் தீர்ப்பு இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது. பத்துப் பேரும் சேர்ந்து பாடிய கடைசிப் பாட்டில்தான் வாயைத் திறந்தாள்.

அந்தத் தீர்ப்பைத்தான் ஊர் ஊராகத் திரும்ப விசாரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. டி.வி.யில் விரலால் போட்ட ஓட்டை இங்கே தொண்டையால் போடுகிறார்கள். முடிவு அதேதானா என்று பார்க்கப் பணம் கொடுத்து வருகிறார்கள். வரிசை என்றைக்கும் அப்படியே நின்றதும் இல்லை. 2004-ல் ஏழாவது இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன் மூன்றே வருஷத்தில் ஆஸ்கர் வாங்கினார். 2006-ல் நாலாவதாக நின்ற கிறிஸ் டாட்ரியின் இசைத்தட்டு அந்த வருஷம் ஜெயித்தவருடையதைவிடப் பல மடங்கு விற்றது.

உன்னை நினைத்துக்கொண்டது இன்னொரு இடத்திலும். உன் குழுவில் பாடினவர்கள் எல்லோரும் பிறர் பாட்டையே பாடினார்கள். சுசீலாவாகவும் எஸ்.பி.பி.யாகவும் ராத்திரி முழுக்க வாழ்ந்துவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு வேனில் ஏறும்போது அவர்கள் பெயர் கமிட்டிக்காரருக்குக்கூடத் தெரியாது. இந்தப் பத்துப் பேரும் பாடியது பிறர் பாட்டுத்தான். ஆனால் இவர்கள் பெயர் அரீனாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரிகிறது. பெயர் முந்திக்கொண்டுவிட்டது, சொந்தப் பாட்டு இனிமேல்தான். கிறிஸுக்கும் ஆடமுக்கும் நவம்பரில் இசைத்தட்டு வருகிறதாம். மற்ற எட்டுப் பேரில் எத்தனை பேருக்கு வரும்? ஜனவரியில் அடுத்த சீசன் தொடங்கிவிடும், அடுத்த பத்துப் பேர் வந்துவிடுவார்கள். கோடைக்குள் இந்த டூரை நடத்தி முடிக்கிற அவசரம் அதனால்தான். கறிவேப்பிலை வாடுவதற்குள் தாளிக்கிற புத்தி. குறை சொல்லவில்லை, உன்னிடம் பாடினவர்களுக்கு அந்த ஒரு கோடைகூடக் கிடைக்கவில்லை என்று சொல்ல வந்தேன்.

அக்கா மகள் தன் கேமராவில் பிடித்ததைக் குறுந்தட்டில் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறாள். பாதி ஆடமின் தலைமுடிதான் தெரியும். ஆனால் அலிசன் பாடுகிறபோது டிரம்மர் போடுகிற ஒரு திருப்பம் அதில் இருக்கிறது; அதைக் கேட்டுவிட்டு, அது எத்தனை எண்ணிக்கை என்று எனக்குச் சொல். மூன்று முறை கணக்குப் போட்டும் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு விடை வருகிறது.

அன்புடன்,
உன் பங்காளி