சோலையின் சிறு குருவிகள்

கொடைக்கானலுக்குச் செல்வோருள் பெரும்பாலோர் ஏரியைச் சுற்றி, தூண்பாறையைக் கண்டு, சாக்லெட் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அதில் குறை காண நாம் விரும்பவில்லை. ஆயினும், வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து செண்பகனூரை அணுகும்போது, மலைமடிப்புகளில் கரும்பச்சையாய்த் தேங்கி நிற்கும் சிறு காடுகளை அன்பர்கள் கண்டிருக்கலாம். சோலை என்பது அவற்றின் பெயர். புலவர்க்குச் சோலை என்றால் பூம்பொழில். பழனி மலையிலோ அது ஒரு தனிக் காட்டுவகை. மரங்கள் குட்டையானவை, கிளையெல்லாம் பாசி, தரையெல்லாம் ஈரம். சுற்றிலும் ஒருகாலத்தில் பரந்து கிடந்த புல்வெளிகளில் பெரும்பகுதியை இன்று சீகையும் பைனும் தைலமரமும் விழுங்கிவிட்டன. எஞ்சிய சோலைகளைத் தேடித்தான் சென்ற மே மாதத்தில் நம் பங்கு இளைஞர் இருவருடன் மலையேறினோம். இருவர் கையிலும் கேமரா இருந்தது. நம் கையில் ஒரு பழைய தொலைநோக்கி.

இச்சோலைகளில் வாழும் பறவைகளுள் இரண்டை முதலில் கூறவேண்டும். ஒன்று, வெண்புருவமும் சாம்பல் மார்பும் செந்நிற வயிறும் கொண்ட சிரிப்பான். பழப்புதர்களில் கூட்டமாய் இருந்துகொண்டு உரக்கக் குரல் கொடுக்கும். மற்றொன்று, நீலச்சாம்பல் மேனியும் வெள்ளை வயிறும் உடையது. தரையில் தத்தித் தத்தி இரை தேடும், மிகுந்த கூச்சமுடையது. இவ்விரண்டும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. 2017-ஆம் ஆண்டில் மரபணு ஆராய்ச்சியின் பயனாக இவற்றுக்குப் புதிய பேரினங்களே வகுக்கப்பட்டன. வெள்ளை வயிற்றுக் குருவியின் பேரினப் பெயர் ‘ஷோலிகோலா’. முற்பாதி நம் சோலை. பிற்பாதி, ‘வாழ்வோன்’ எனப் பொருள்படும் இலத்தீன். சோலைவாசி! குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லாடிய நாள்கள் முற்றிலும் வீண்போகவில்லை என்று நாம் தனியே சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பானின் அறிவியற் பெயரில் ஒரு போதகரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மராத்திய நாட்டில் பணியாற்றிய அமெரிக்கர் சாமுவேல் ஃபேர்பேங்க், இம்மலைக்கு வந்து பறவைகளை ஆராய்ந்தவர். அவர் நம் சபையினர் அல்லர். எனினும் குருவிகள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1895-இல் செண்பகனூரில் குருமாணவர்க்கான திரு இருதயக் கல்லூரியை நிறுவிய சேசு சபையினரும் இம்மலையின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் பொறுமையோடு திரட்டினர். அவர்களுடைய அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட பறவைகள் உள்ளன. அந்நாளில் ஒரு பறவையை நன்கறிய அதைச் சுட்டு வீழ்த்தவேண்டியிருந்தது. கேமரா வந்தபின்னரே கொல்லாமல் காணும் வழி பிறந்தது. 1892-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்டன் என்னும் சகோதரர் முட்டைகளுடன் கூடிய ஒரு கூட்டைப் படமெடுத்தனர். பிற்பாடு பறவைகள் அஞ்சாதிருக்க, உள்ளீடற்ற எருது ஒன்றைத் தோலால் செய்து அதன் வயிற்றுக்குள் புகுந்துகொண்டு படமெடுத்தனர் என்றால் அவர்களுடைய ஆர்வத்தை என்னென்பது!

நமக்கு எருது கிடைக்கவில்லை. சாம்பல் நிறப் போர்வை ஒன்று போதுமாயிருந்தது. வனத்துறையின் அனுமதியுள்ள பாதையோரத்தில், விடியுமுன் போய் அமர்ந்தோம். சோலைக்குள் படமெடுப்பதன் முதல் துன்பம் இருள். வெட்டவெளியில் வினாடியின் 1000-இல் ஒரு பங்கில் எடுக்கவேண்டிய படத்தை, இங்கே கேமராவின் ஒளியுணர்வை மிக உயர்த்தியும், 60-இல் ஒரு பங்கில்தான் எடுக்க முடிகிறது. அதற்குள் குருவி தலையைத் திருப்பிவிடும். மின்னொளியைப் பயன்படுத்தலாமே எனில், அரையிருளுக்குப் பழகிய கண்ணில் அதைப் பாய்ச்ச நமக்கு மனமில்லை. அடுத்த துன்பம், அசையாதிருத்தல். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை ஒன்றை நிதானமாய்ச் சொல்லி முடிக்கும்வரை அசையாதிருந்தால் சோலை நம்மை மறந்துவிடுகிறது. இரண்டாம் நாள், மூன்றாம் தேவ இரகசியத்தின்போது, சோலைவாசி நம் காலடியிலிருந்து ஏழெட்டு முழத்தில் வந்து நின்று, ஒரு சருகைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

குறுக்கு வழிகளும் உண்டு. கைப்பேசியில் பறவையின் பாட்டை ஒலிக்கச் செய்தால் அது ஓடிவரும். ஓடிவருவது நட்பினால் அன்று. தன் எல்லைக்குள் பகைவன் நுழைந்தான் என்று எண்ணி, இரையையும் குஞ்சையும் விட்டுப் போரிட வருகிறது. இதனினும் கொடியது கூட்டைப் படமெடுப்பது.

அதை அன்று மாலையே கண்டோம். கறுப்பும் செம்மஞ்சளுமான ஈப்பிடிப்பான் என்றொரு குருவி, கைப்பிடிக்குள் அடங்கும். காய்ந்த இலைகளால் பந்துபோன்ற கூட்டைப் புதரில் தாழ்வாகவே கட்டும். பாதையோரத்துக் கூடொன்றை மூவர் சூழ்ந்திருந்தனர். கூட்டின்மேல் கவிந்திருந்த பெரணி இலைகளைச் சணற்கயிற்றால் விலக்கிக் கட்டி, பெரிய லென்சுகளை நிறுத்தியிருந்தனர். அலகில் புழுவோடு ஆண்பறவை கிளைக்குக் கிளை தாவித் தவித்தது. நாம் பணிவாய்ச் சொல்லிப் பார்த்தோம். “இரண்டே நிமிடம், அவிழ்த்துவிடுகிறோம்” என்றனர். அரைமணிக்குப்பின் புறப்பட்டுச் சென்றனர், கட்டு அவிழவில்லை.

நம் இளைஞருள் ஒருவர் கூட்டைப் பார்த்தார், நம்மையும் பார்த்தார். “சாமி, அவிழ்க்குமுன் நான் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா? கட்டியது நாம் இல்லையே?”

எளிதில் மறுக்கவியலாத கேள்விதான். “தம்பி, அதன் வாயில் இருப்பதைப் பார், பிறகு உன் விருப்பம்” என்றோம். சிறிதுநேரம் நின்றார். பின்னர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாமே குனிந்து முடிச்சை அவிழ்த்தார். பெரணி தன் இடத்திற்கு மெல்லச் சாய்ந்தது. முப்பதடி பின்வாங்கிக் காத்திருந்தோம். மஞ்சு இறங்கிற்று. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் ஆண்பறவை பெரணிக்குள் புகுந்தது; வெளிவந்தபோது அலகு காலியாயிருந்தது. பெண்பறவையை நாம் காணவில்லை.

மறைத்திருக்கும் இலையை விலக்கினால் காகமும் பாம்பும் கூட்டை எளிதில் கண்டுகொள்ளும். வெயிலும் மழையும் குஞ்சைத் தாக்கும். தாய் வெருண்டு கூட்டையே கைவிடுவதும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பட்டியலிலுள்ள பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ குலைப்பதை ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. நம் நாட்டுப் பறவை ஆர்வலர் குழுக்கள் பல கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பறவைகளுக்குப் போதித்த அசிசியாரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். அவர் பேசியபோது பறவைகள் தாமே வந்து கூடியிருந்தன என்பதைப் படமெடுப்போர் நினைவிற்கொள்வது நலம்.

செல்ல விரும்புவோர் மங்கிய நிறத்தில் உடை அணிக. கதிரெழுமுன் இடம் சேர்ந்துவிடுக. அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலம் உடன் கொள்க. மூன்று நாளில் நம் இளைஞர்க்குக் கிடைத்த நல்ல படம் ஒன்றே ஒன்று: நீலநிழலில் சோலைவாசி, வாலெல்லாம் மங்கல், கண் மட்டும் தெளிவு. அது இப்போது மறைக்கல்வி வகுப்பறையில் தொங்குகிறது. பிள்ளைகள் அதன்முன் நின்று, “குருவி எங்கே?” என்று தேடிக்கொண்டிருக்கின்றனர்.