காணி தப்பியது

எமது மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே பௌதிகவியலை முடித்து, மேற்கொண்டு பொருள் விஞ்ஞானம் பயில விரும்புகின்றாள் என்று கேள்வியுற்ற அவளுடைய பெரியப்பா, "பொருளியல் நல்ல படிப்பு, வங்கியிலே உத்தியோகம் நிச்சயம்" என்று மகிழ்ந்தார். உலோகமும் கண்ணாடியும் மட்பாண்டமும் எதனால் வளைகின்றன, எதனால் வெடிக்கின்றன என்று ஆராயும் படிப்பே அது என அவருக்கு விளங்க வைப்பதற்கு நாம் பட்ட பாடு தனிக் கதை.

எமது கவலையோ வேறு. அமெரிக்காவிலே படிப்பிப்பதற்குப் பணத்துக்கு எங்கே போவது? ஓர் ஆலோசனை நிலையத்தார் முதுமாணிப் படிப்பைச் சிபார்சு செய்து, இரண்டாண்டுச் செலவையும் கணக்கிட்டுக் கையிலே தந்தனர். அது 2022ஆம் ஆண்டு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்தத் தாளைப் பார்த்த இரவே, சீதனமாக வந்த எட்டுப் பரப்புத் தோட்டக் காணியை விற்பதென நாம் இருவரும் தீர்மானித்துவிட்டோம். வாங்குவதற்குக் கனடாவிலிருந்து ஒருவர் ஆயத்தமாகவும் இருந்தார்.

"அப்பா, காணியிலே கை வைக்க வேண்டாம்" என்று தடுத்த மகள், எம்மைத் தனது விரிவுரையாளரிடம் அழைத்துச் சென்றாள். அவர் கூறியது எமக்குப் புதினமாயிருந்தது. முதுமாணி மாணவர் பெரும்பாலும் சொந்தப் பணத்திலே படிப்பவர். கலாநிதிப் பட்டத்துக்கு எடுக்கப்படுபவருக்கோ, இத்துறையிலே, பெரும்பாலும் கட்டணமும் இல்லை, மாதந்தோறும் படியும் உண்டு. முதுமாணி முடிக்காமலே அதற்கு நேராக விண்ணப்பிக்கலாமாம். படிக்கப் போகின்றவளுக்குச் சம்பளமா என்று நாம் ஐயுற்றோம். தேசிய விஞ்ஞான மன்றம், எரிசக்தித் திணைக்களம் முதலியவற்றிடம் பேராசிரியர்கள் ஆராய்ச்சிப் பணம் பெறுகின்றனர். ஆய்வுகூடத்தில் வேலை செய்ய அவர்களுக்குக் கைகள் வேண்டும். அக்கைகளே மாணவர்கள் என்றார் அவர். ஆலோசனை நிலையத்தார் இதைப்பற்றி ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்களாக.

விண்ணப்பத்துடன் அனுப்பும் நோக்கக் கட்டுரையிலே மகள் தனது சிறுபிராயக் கனவுகளை அழகாக எழுதியிருந்தாள். நாம் வாசித்துக் கண் கலங்கினோம். விரிவுரையாளரோ அதைக் குறுக்கே கோடிட்டு, "பிள்ளை, இது எல்லாரும் எழுதுவது. நீர் ஆய்வுகூடத்தில் என்ன செய்தீர்?" என்று கேட்டார்.

அவள் செய்தது சூரியக் கலம். தைத்தேனியம் ஈரொட்சைட் என்னும் வெண்பொடியைக் குழம்பாக்கிக் கண்ணாடியிலே பூசி, 450 பாகையில் உலையிலிட வேண்டும். அதன் மூலமான தைத்தேனியம் எமது புல்மோட்டைக் கரையிலே கருமணலாய்க் கிடக்கின்றது. அவ்வாண்டு மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. இடைநடுவே உலை குளிர்ந்து, பூச்சு வெடித்துக் கழன்றது. பழுதான கண்ணாடிகளை எறியாமல், நல்லவற்றோடு நுணுக்குக்காட்டியிலே ஒப்பிட்டுக் குறிப்பெடுத்து வைத்திருந்தாள். அந்தக் குறிப்பே இரண்டாவது கட்டுரையாயிற்று. அது எமக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கியது.

விண்ணப்பமொன்றுக்கு 75 முதல் 100 டொலர் வரை கட்டணம். டிசெம்பரில் ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். எழுதிக் கேட்டபோது இரண்டு இடத்தார் கட்டணத்தை விட்டுக்கொடுத்தனர். (கேட்பதற்கு வெட்கப்பட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.) பின்பு ஐந்து மறுப்புகள் வந்தன. ஒவ்வொரு மறுப்பு வந்தபோதும், கனடாக்காரரின் தொலைபேசி இலக்கத்தை நாம் எடுத்துப் பார்த்ததுண்டு. மகள் அறியாள். 2023 மார்ச்சிலே ஆறாவது இடத்திலிருந்து ஆராய்ச்சி உதவியாளர் நியமனத்துடன் கடிதம் வந்தது. ஏப்பிரல் 15ஆந் திகதிக்குள் பதில் எழுத அவகாசம் இருந்தும், அவள் அன்றிரவே எழுதிவிட்டாள்.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. 2025இல் அந்நாட்டு அரசு ஆராய்ச்சிப் பணத்தைக் குறைக்க முற்பட்டபின், சில பல்கலைக்கழகங்கள் புதிதாய்ச் சேர்க்கும் கலாநிதி மாணவர் தொகையைச் சுருக்கியுள்ளன. இனி விண்ணப்பிப்போர் அதனை முன்னரே விசாரித்தறிதல் நன்று.

செலவு அறவே இல்லையென்றும் எண்ணற்க. மாணவர் பதிவுக்கு 350 டொலர், விசா, விமானச் சீட்டு, முதற்படி கைக்கு வருமுன் கட்டவேண்டிய வீட்டு வாடகை எல்லாம் எம்முடையவை. அவற்றுக்காக வீட்டிலிருந்த சங்கிலி அடகுக்குப் போயிற்று. நான்காம் மாதம் மகள் பணம் அனுப்பி அதை மீட்பித்தாள். காணியிலே இப்போது வெங்காயம் நிற்கின்றது.