பழுது இருந்த இடம்

பாட்டனார் மறைவதற்குச் சில திங்களுக்கு முன், தம் இளமை நாள்களைப் பற்றிப் பேசியதைப் பேரன் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தான். பதினாறாம் நாள் கூடும் உறவினர்க்கு அதனைக் காட்ட வேண்டும் என்று அன்னை விரும்பினார். நாற்பது துண்டுகளைக் கணிப்பொறியில் கோத்தான். கைநடுக்கத்தால் காட்சிகள் ஆடின. ஆட்டத்தை நீக்கும் வசதி தொகுப்பு மென்பொருளில் உண்டு. துண்டுகள் அனைத்தையும் தேர்ந்து அதனை இயக்கியதும், மென்பொருள் தானே மூடிக்கொண்டது.

இத்தகைய வேளையில், அதே பொத்தானை மேலும் சினத்துடன் அழுத்துவது மனித இயல்பு போலும்! பேரனும் அரை நாளை அவ்வாறே கழித்தான். சினம் தணிந்தபின் தொகுப்பிற்கு ஒரு படி எடுத்தான். படியில் பாதித் துண்டுகளை நீக்கிவிட்டு இயக்கினான், மென்பொருள் மூடவில்லை. ஆகவே, பழுது நீக்கிய பாதியில் இருத்தல் வேண்டும். அப்பாதியை இரண்டாக்கினான். நாற்பது இருபதாயிற்று, இருபது பத்தாயிற்று, ஆறாம் முறையில் ஒரே துண்டு எஞ்சியது.

அது மாலையின் மங்கிய ஒளியில் எடுத்தது. ஒளி குறைந்ததால் கைப்பேசி, நொடிக்கு 30 படங்கள் என்னும் ஒழுங்கைக் கைவிட்டுக் குறைத்தும் கூட்டியும் பதிந்திருந்தது. மென்பொருளின் கணக்கு அங்கே தடுமாறிற்று. குறை மென்பொருளுடையதே, ஆயினும் அதனைத் திருத்துதல் அவனால் ஆவதன்று. அத்துண்டை மட்டும் வேறொரு கருவியால் சீரான 30 படங்களாக மாற்றி, பழைய இடத்தில் வைத்தான். வசதி இயங்கிற்று.

முதல் ஊதியத்தில் தம் தாய்க்குப் புடவை வாங்கியதைப் பாட்டனார் சிரித்துக்கொண்டே சொன்னது அத்துண்டில்தான். அன்று காலை, ஆடும் துண்டுகளையெல்லாம் விட்டுவிடலாமா என்று அவன் எண்ணியதும் உண்டு.